மாடியில் அழுகிய செடிகள்

மாடி வகுப்புகளில் வைத்திருந்த தொட்டிச் செடிகள் மட்டும் அழுகிக்கொண்டே வந்தன. கீழ்த்தளத்தில் அதே செடிகள், அதே மண், தளதளவென்று நின்றன. பள்ளி நர்ஸ் ஏழாம் வகுப்புத் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சொதசொதவென்றிருந்தது. தோட்டக்காரரோ வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஊற்றுவதில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் முகத்தை அவள் இரண்டு தடவை உற்றுப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்குச் செடியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அதே ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு மறுபடியும் காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். தண்ணீர் போதவில்லை, அடக்கிவைக்கவும் செய்கிறாள், இன்னொரு முறை வந்தால் சிறுநீரகத்தைத் தொட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பள்ளியில் தண்ணீர் மணி கொண்டுவந்ததே இந்த நர்ஸ்தான். மணி அடித்தால் எல்லாரும் பாட்டிலை எடுத்துக் குடிக்க வேண்டும். மகளின் பாட்டிலும் தினமும் காலியாகத்தான் வீடு திரும்பியது.

காலிப் பாட்டிலை அவள் நம்பவில்லை. அடுத்த தண்ணீர் மணி அடித்தபோது ஏழாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். எல்லாரும் அண்ணாந்தார்கள். ஆனால் விழுங்கினால் தொண்டையின் நடுவில் குருத்தெலும்பு ஏறி இறங்கும். அதை யாராலும் நடிக்க முடியாது. பையன்களுக்கு ஏறி இறங்கியது. பெண்களுக்கு அசையவே இல்லை. மணி ஓய்ந்ததும் ஒவ்வொருத்தியாகத் தொட்டிப் பக்கம் போய்வந்தார்கள்.

மகளின் தோழிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். கேட்காமலே எல்லாம் ஒலிபரப்புவாள். அன்று நர்ஸ் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

“என்ன, ரேடியோ பாடல?”

“கரண்ட் இல்லக்கா,” என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

நர்ஸுக்குச் சந்தேகம் முற்றியது. பெரிய வகுப்புப் பெண்கள் யாராவது மிரட்டுகிறார்களோ? அன்று வீட்டில் மகளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“தண்ணி குடிச்சியா?”

“பாட்டில் காலியா இருக்குல்ல?”

“பாட்டில் காலிதான்டி. தொட்டிதான் ரொம்பியிருக்கு.”

மகள் தரையைப் பார்த்தாள். “குடிச்சா போகணும்லம்மா.”

“போயேன். யாரு வேணாங்குறா?”

“நீ போய் உள்ள நின்னு பாரு. அப்புறம் சொல்லு.”



மாடிக் கழிப்பறையை வாரந்தோறும் சோதிப்பவர்களில் அவளும் ஒருத்தி. குழாய், சோப்பு, தரை, நாற்றம் எல்லாம் பார்த்து முழு மதிப்பெண் போட்டிருந்தாள். மறுநாள் பள்ளி விட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது துளைக்குள் போகாமல் துளைக்குக் கீழே தகட்டில் முட்டி நின்றது. கையை எடுத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. அடுத்த கதவும் அப்படியே. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வெளியிலிருந்து யார் தள்ளினாலும் அவ்வளவுதான். அன்று மாலை மகளே சொன்னாள்: அவள் உள்ளே இருந்தபோது அப்படித் தள்ளியது ரேடியோ, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து மாடிப் பெண்கள் யாரும் தண்ணீரைத் தொடவில்லை. சோதிக்க வந்தவர்கள் எல்லாரும் கதவைத் திறந்து வைத்தபடியே பார்த்தார்கள்; ஆசிரியர்களுக்கோ தனிக் கழிப்பறை.

நர்ஸ் கீலைத் தொட்டுப் பார்த்தாள், ஆடியது. மாடியில் மட்டும் புதிதாகக் கனமான கதவுகள் போட்டிருந்தார்கள். கதவின் எடை மேல் கீலைத்தான் வெளியே இழுக்கும். பழைய கதவின் குட்டைத் திருகுகளையே போட்டதால் அவை மரத்திலிருந்து கழன்று, கதவின் தாழ்ப்பாள் பக்கம் தொங்கிவிட்டது.

தச்சர் வந்து மேல் கீலின் குட்டைத் திருகுகளைக் கழற்றி, நிலைக்கட்டைக்குள் ஆழமாக இறங்கும் நீளத் திருகுகளைப் போட்டார். கதவு விரல்கடை உயர்ந்தது. தாழ்ப்பாள் துளைக்குள் சரியாக விழுந்தது. இப்போது சோதிப்பவர் உள்ளே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுப் பார்த்த பிறகுதான் மதிப்பெண் போடுகிறார்.