வண்டியில் ஏறாத மச்சான்

மல்லாங்கிணறு ரோட்டில் ஒரு மனிதர் சும்மா நடந்து போய்விட முடியாது. நடந்தால் வண்டி நிற்கும். "ஏறுங்க" என்பார்கள். ஏறினால் உறவு, ஏறாவிட்டால் பகை. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இதை மீறியதால் பத்து வருசம் முகம் பார்க்காமல் இருந்த பங்காளிகள் அங்கே உண்டு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜெகதீஸ்வரன் இதில்தான் மாட்டிக்கொண்டார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஷட்டரை இறக்கத்தான் எழுந்திருப்பார். விருதுநகர் டாக்டர் சுகர் சீட்டைப் பார்த்துவிட்டு, "தினமும் நடக்கணும்" என்று சொல்லிவிட்டார். கடைக்கும் ஊருக்கும் இரண்டரை கிலோமீட்டர். போகவும் வரவும் நடந்துவிட்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாமே என்று வண்டியை வீட்டிலேயே நிறுத்தினார். மனைவி ரேணுகாதேவி கேட்டதற்கு "ரிப்பேரு" என்றார்.

உண்மையைச் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவுக்குச் சுகர் முற்றித்தான் காலை எடுத்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு வருசம் அந்தக் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டவள் அவள். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவள் முகம் வாடிப்போகும். அந்த முகத்தைப் பார்க்க ஜெகதீஸ்வரனுக்குத் தெம்பு இல்லை.

முதல் வாரம் அவர் நடந்ததெல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோமீட்டர் தேறாது. பால்காரர் ஏற்றினார், ஆட்டோக்காரர் ஏற்றினார், சோளத்தட்டை லோடு வந்த டிராக்டர்கூட நின்று ஏற்றியது. எட்டாம் நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கென்று பின்னாலேயே வண்டியில் வந்து நின்றவன் மச்சினன் சுந்தரபாண்டி.

"ஏறுங்க மச்சான்."

"இல்ல மாப்ள, நீ போ. நான் நடந்தே வாரேன்."

"ஏன், என் வண்டியில ஏற மாட்டீகளா?"

"அப்படியில்லய்யா..."

என்று இழுத்துக்கொண்டே அவர் நடையைக் கட்டினார். சுந்தரபாண்டி மறுநாளும் நிறுத்திப் பார்த்தான். மூன்றாம் நாள் ஹாரன்கூட அடிக்காமல் போனான்.

அடுத்த மாதம் மகள் தங்கச்செல்விக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணவறையில் உட்கார வைக்க முடியுமா? அருப்புக்கோட்டையில் பட்டெடுக்கத் தம்பியைக் கூப்பிடப் போன ரேணுகாதேவி அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

"அவன் வரமாட்டானாம். 'என் வண்டியில ஏறக் கூசுறவுக வீட்டுக் கல்யாணத்துல எனக்கென்ன வேலை'ங்கிறான். அவனை என்ன சொன்னீக? எனக்குன்னு ஒருத்தன்தானே இருக்கான்!"

ஜெகதீஸ்வரன் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று மச்சினன் வீட்டுக்கு நடந்தார். ரேணுகாதேவியும் பின்னாலேயே ஓடினாள். சுந்தரபாண்டி வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாப்ள, எனக்குச் சுகரு. டாக்டரு நடக்கச் சொல்லிட்டாரு. ஒங்க அக்கா காதுல விழுந்தா தாங்க மாட்டான்னுதான் யாருகிட்டயும் சொல்லல. உன் மேல எனக்கென்னய்யா கோவம்?"

ரேணுகாதேவி தெரு என்றும் பாராமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். விரல் இடுக்கையெல்லாம் தடவினாள். புண் எதுவும் இல்லை. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"என்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லுவீக?"

சுந்தரபாண்டி கையிலிருந்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். கன்னமெல்லாம் கிரீஸ் ஆனது.

"நாளைக்கே பட்டெடுக்கப் போவோம்க்கா. பஸ்ஸுல போவோம். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் மச்சான் நடக்கட்டும்."

பட்டெடுத்து வந்த மறுநாள் சாயங்காலம், கடையைப் பூட்டிவிட்டு ஜெகதீஸ்வரன் இறங்கியபோது சுந்தரபாண்டி வண்டியோடு நின்றிருந்தான். "ஏறுங்க" என்று சொல்லவில்லை. இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். கல்யாணத்துக்கு எத்தனை பந்தி என்று பேசியபடியே பாதி தூரம் வந்திருப்பார்கள். அதே டிராக்டர் வந்து பக்கத்தில் நின்றது.

"என்ன பாண்டி, பஞ்சரா? அண்ணன ஏறச் சொல்லு, நான் எறக்கி விடுதேன்."

சுந்தரபாண்டிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் குரல் கணீரென்று வந்தது.

"ஏலே, எங்க மச்சான வண்டியில ஏத்துனீன்னா, அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது, ஆமா!"