இடைவேளைக்காரரின் ரத்தம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, தங்கையிடம் கேட்டு வாங்கியது. அவள் ஒரு சலூனில் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். சீப்புகளைக் கழுவிக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எழுதிக்கோக்கா. ஆனா நான் மயங்கி விழுற சீன் வேண்டாம். ரத்தசோகைன்னாலே எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க."

"நெஜமாவே விழுந்தியேடி?"

"விழல. உக்காந்தேன். கொஞ்சம் வேகமா."

ஆகவே,

(அவள் மயங்கி விழுந்த அன்று மழை — வேண்டாம்.)

(வெளிறிய அந்த முகத்தில் — இதுவும் அதே சங்கதிதான்.)

2

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். கட்டடங்களுக்கு வர்ணம் அடித்தவர். ஒரு சுவர் முடிந்ததும் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'இடைவேளை' என்று பெயர் வைத்தார்கள். அம்மாவுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. நேராகவே சோம்பேறி என்பாள். தங்கை பள்ளிக்கூட மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றபோதும், "அப்படியே அப்பன். சோம்பேறித்தனம் ரத்தத்துலயே வந்திருக்கு" என்றாள்.*

* இதை நான் புனையவில்லை. இவ்வளவு வசதியான வசனத்தைச் சொந்தமாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கும்.

3

அம்மாவைக் கொடுமைக்காரியாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம், தட்டச்சு வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும், இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, அவள் விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றவள் அம்மாதான். ரத்தம் ஏறவில்லை. கண் மஞ்சளாகியது. மண்ணீரல் வீங்கியது. அதை எடுத்துவிடலாம் என்று மருத்துவமனையில் தேதி குறித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வந்த ரத்தநோய் டாக்டரம்மா, தங்கையைப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க கண்ணு எப்பவும் இப்படித்தான் மஞ்சளா இருக்குமா?"

"அது பெயிண்ட் அடிச்ச காலத்து நெடிங்கம்மா."

"வேலையை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறு."

டாக்டரம்மா ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொன்னார். எங்கள் நால்வரிடமும் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

4

காத்திருந்த ஆறு வாரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். தங்கை படித்துப் பார்த்தாள்.

"நான் எப்பக்கா ஜன்னல்ல நின்னு வானத்தைப் பாத்தேன்? எனக்கு ஏது நேரம்?"

கிழித்துவிட்டேன். உண்மையில் அவள் தினமும் வேலைக்குப் போனாள். கால் தாங்காதபோது ஸ்டூலில் உட்கார்ந்து முடி வெட்டினாள். அம்மா காலையில் அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போவாள்.

5

முடிவு வந்தது. சிவப்பணுவின் மேலுறையில் பிறவியிலேயே ஒரு பிழை. அணுக்கள் தண்ணீரை இழந்து சீக்கிரமே உடைந்துவிடுகின்றன. அபூர்வமான நோய், பரம்பரையாக வருவது. அப்பாவிடமிருந்து தங்கைக்கு வந்திருக்கிறது. அம்மாவுக்கும் எனக்கும் இல்லை. (நிம்மதிதான். கூடவே, அவர்கள் இருவரும் என்னைச் சேர்க்காமல் ஏதோ ரகசியம் வைத்திருந்ததுபோல் கொஞ்சம் பொறாமையும்.)

"இந்த வகையில மண்ணீரலை எடுத்தா ரத்தம் உறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆபரேஷன் வேண்டாம். இரும்பு மாத்திரையும் வேண்டாம். ஏற்கெனவே ஈரல்ல இரும்பு நெறைய சேர்ந்திருக்கு. அதைக் குறைக்க மருந்து தரேன்."

அம்மா கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான்தான் குடுத்தேன்."

"எழுதிக் குடுத்தது எங்க ஆளுங்கதானேம்மா?"

"விடும்மா" என்றாள் தங்கை. "அதான் நான் இரும்பு மாதிரி இருக்கேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, எனக்கும் இது இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதித் தருவீங்களா?"

"எதுக்கு, எங்கயாவது காட்டணுமா?"

"வீட்டுல."

எல்லோரும் சிரித்துவிட்டோம், அம்மாவைத் தவிர.

6

இங்கே அம்மா மன்னிப்புக் கேட்டாக வேண்டும். இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். (அப்பா படித்துவிட்டு, "யாரு இந்தப் பொம்பளை?" என்றார்.)

ஆ) ஒன்றுமே நடக்காததுபோல், "எந்திரிங்க, பஸ் போயிரும்" என்கிறாள். ("இது அம்மாதான்" என்றாள் தங்கை. "ஆனா அன்னைக்கு அம்மா இப்படி இல்லியேக்கா.")

நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இங்க வாங்க" என்று அப்பாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நானும் தங்கையும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கதவில் காதை வைத்தோம். அம்மா மெதுவாக ஏதோ சொன்னாள். ஒரு வாக்கியம்தான் இருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. பிற்பாடு கேட்டதற்கு, "எல்லாத்தையும் உன் கதைக்குத் தூக்கிக் குடுக்கணுமா?" என்று என்னை விரட்டினாள்.

அந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதினேன். ஒன்பதும் நான் எழுதியதுபோலவே இருக்கின்றன. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு வருடம் சோம்பேறி என்று சொன்னவள் சொல்வது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பதில் மட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அதில் நான் கை வைக்கவில்லை.

"......................................"

"நானே என்னைச் சோம்பேறின்னுதானே நெனச்சிட்டிருந்தேன்? நீ என்ன பண்ணுவே, விடு."