சனிக்கிழமைக் காற்று

மர்டினா கறுப்புத் தொப்பியைத் தலையில் வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தபோது படுக்கையறையில் இயந்திரம் நின்றுபோனது. இரண்டு வருடங்களாக இரவும் பகலும் உறுமிக்கொண்டு பிராணவாயு தந்த பெட்டி அது. ஓடும்போது அதன் சத்தம் அந்த வீட்டில் யார் காதிலும் விழுவதில்லை. நின்ற பிறகு வேறு எதுவுமே காதில் விழவில்லை.

ஊசியை வாயில் கவ்வியபடியே ஓடினாள். கணவன் டோர்மோட் மூன்று தலையணைகளில் சாய்ந்து, மூக்கிலிருந்த குழாயை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடி, மிஷினுக்கும் ஞாயித்துக்கிழமை லீவா?"

நாலு சொல்லுக்கு அவனுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. எண்ணெய்க் கப்பல் பட்டறையில் பதினெட்டு வருடம் தூசியைத் தின்ற நுரையீரல்.

"பேசாம இரு" என்றாள். விளக்கைத் தட்டினாள், எரியவில்லை. தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள், செல்பேசிக் கோபுரமும் படுத்திருந்தது. விடியற்காலை அடித்த புயலில் கம்பி எங்கோ இற்றுப்போய், இப்போதுதான் விழுந்திருக்க வேண்டும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து சிலிண்டரை இழுத்துக் குழாயை மாட்டினாள். முள் கால்வாசிக்கு வந்து நின்றது. புதன்கிழமை மின்வெட்டில் தீர்ந்ததுபோக மீதி அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக் கப்பலில் வரவேண்டிய புதுச் சிலிண்டர், கப்பல் வராததால் அக்கரையிலேயே கிடந்தது. ஞாயிறு அந்தத் தீவுக்கு எந்தக் கப்பலும் கிடையாது.

கடிகாரம் பதினொன்று. ஒரு மணிவரைக்கும் தாங்கும். அவன் சிரிக்காமல், கோபப்படாமல் இருந்தால் இன்னும் பத்து நிமிடம்.

தொப்பியைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே கேரத் இருந்தான். வேல்ஸிலிருந்து வந்து ஆறு வருடமாகச் சைக்கிள் பழுது பார்ப்பவன். ஆலயத்துக்குப் போகாதவன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் திரைச்சீலையைக்கூட மெதுவாக விலக்கப் பழகியிருந்தான்.

"வேன எடு. டோர்மோட ஊர்க்கூடத்துக்குக் கொண்டுபோகணும்."

"ஆலயத்து வழியாத்தானே போகணும்? ஞாயித்துக்கிழமை என் வேன் சத்தம் கேட்டா டோர்மோடோட அண்ணன் என்னை உசுரோட புதைச்சிருவாரு."

"மண்ணு தோண்டுறதும் ஓய்வுநாள்ல செய்யக்கூடாத வேலைதான். திங்கக்கிழமைவரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது. எடு."

டோர்மோடைப் போர்வையோடு சேர்த்துத் தூக்கினார்கள். வேனில் உட்கார்ந்ததும் அவன் சன்னல் வழியே குன்றைப் பார்த்தான். உச்சியில் காற்றாலை மூன்று கைகளையும் விரித்துக்கொண்டு நின்றது. புயல் தணிந்து, ஓட்டுவதற்கு ஏற்ற காற்று வீசிக்கொண்டிருந்தது. இறக்கைகள் அசையவில்லை.

அது எதற்காக வந்தது என்பது மர்டினாவுக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முந்திய ஒரு ஜனவரியில் ஐந்து நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, ஊர்க்கோடியில் தனியாக இருந்த தபால்காரரை நாற்காலியிலேயே விறைத்துப்போன கோலத்தில் முதலில் கண்டவள் அவள்தான். அதன்பிறகு பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தை ஊர்க்கூடமாக்கினார்கள். பெண்கள் ஏழு குளிர்காலம் சூப்பும் ஓட்ஸ் ரொட்டியும் விற்றார்கள். ஆண்கள் குன்றுக்குப் பாதை வெட்டினார்கள். காற்றாலை எழும்பியது, கூடத்தில் ஆளுயரப் பேட்டரி வந்தது. வெளியே கம்பி அறுந்தாலும் கூடத்தில் விளக்கு எரியும், அறை சூடாக இருக்கும், நோயாளிக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கும். அதற்காகத்தான்.

ஆனால் ஊர்க்கூட்டத்தில் வாக்கு நிலத்துக்கு ஒன்று. மாமனாரின் நிலம் மூத்த மகன் அலிஸ்டருக்குப் போனது. அதே நிலத்தின் மூலையில் வீடு கட்டிக்கொண்ட டோர்மோடுக்கு வாக்கில்லை. அவன் பெண்டாட்டிக்கு எங்கிருந்து வரும்? கூடத்தைப் பெருக்குவதும், தேநீர் போடுவதும், காற்றாலையை ஓட்டி நிறுத்துவதும் மர்டினாவின் வேலை. அக்கரைக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்தவள் அவள் ஒருத்தியே. சனி நள்ளிரவு முதல் ஞாயிறு நள்ளிரவுவரை காற்றாலை நிற்க வேண்டும் என்று முப்பத்தொன்றுக்கு இருபத்தேழில் முடிவானபோது, அவள் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். "எங்க குடும்பத்து வாக்கு" என்று அலிஸ்டர் கை தூக்கியது கதவிடுக்கில் தெரிந்தது.

போதகர் அதோடு விடவில்லை. ஞாயிறன்று எந்த ஊரிலோ எவனோ வேலை செய்து அனுப்பும் மின்சாரத்தில் ஆலயத்தைச் சூடாக்குவது தகாது என்றார். சனிக்கிழமையே உருளைக்கிழங்கைத் தோலுரித்து வைத்துக்கொள்வதுபோல, சனிக்கிழமைக் காற்றைப் பேட்டரியில் பிடித்து வைத்து ஞாயிறன்று ஆலயத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. கூடத்திலிருந்து ஆலயத்துக்கு ஒரு கம்பி போனது. வீடுகளில் ஞாயிறன்று எரியும் விளக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கூடத்தின் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குளிர்தான் வந்தது. மர்டினா பேட்டரியின் சின்னத் திரையைப் பார்த்தாள்.

ஒன்பது.

"நூத்துக்கு ஒம்பதா?" என்றான் கேரத், டோர்மோடைக் கட்டிலில் கிடத்திக்கொண்டே. "நேத்து ராத்திரி?"

"நான் பூட்டிட்டுப் போறப்ப தொண்ணூத்தாறு."

விடியற்காலையிலிருந்து ஆலயத்தின் பன்னிரண்டு வெப்பப் பெட்டிகள் குடித்துவிட்டிருந்தன. பத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரி யாருக்கும் எதுவும் தராது. மிச்சத்தைக் காற்றாலையை எழுப்புவதற்கென்று கட்டிக் காக்கும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள்.

டோர்மோடின் உதடு வெளிறியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால். சாலையைக் கடந்து ஆலயத்துக்கு ஓடினாள்.

முன்கூடத்தில் அலிஸ்டர் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தார். சபை மூப்பர் அவர், வாசல் அவர் பொறுப்பு. உள்ளே விளக்கில்லை. சனங்கள் கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டோடு சேர்ந்து புகைபோல மூச்சு எழும்பியது.

"தலையில தொப்பி எங்கே?" என்றார் முதலில்.

"மிஷின் நின்னுபோச்சு. சிலிண்டர் ஒரு மணிவரைக்கும்தான். பேட்டரியும் காலி. நான் காத்தாலைய ஓட்டணும். நீங்க ஊர்க்கூட்டத்துக்குத் தலைவரு. உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

அலிஸ்டர் உட்கதவை மெல்லச் சாத்தினார். கெட்ட மனிதரல்ல. தம்பிக்கு மருந்து வாங்க அலையில் படகு விட்டவர்தான்.

"ஓய்வுநாள்ல ரெண்டே வேலைதான் செய்யலாம்னு வேத வினாவிடைப் புத்தகத்துல இருக்கு. அவசியத்தோட வேலை, இரக்கத்தோட வேலை. மாட்டுக்குப் பால் கறக்கறது அவசியம். சேத்துல மாட்டின ஆட்டத் தூக்கறது இரக்கம்."

"அப்ப இது?"

"அதை நான் ஒருத்தன் சொல்ல முடியாதும்மா. நான் சரின்னுட்டா, 'தம்பிங்கறதால சட்டத்த வளைச்சுட்டான்'னுவாங்க. மூப்பர்கள் கூடித்தான் சொல்லணும். போதகர் பிரசங்கத்துக்கு ஏறப்போறாரு. ஒண்ணரைக்கு முடியும். முடிஞ்ச உடனே உட்கார்ந்துருவோம்."

"சிலிண்டர் ஒரு மணிக்கு முடியுதுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரந்தானே? படுக்க வெச்சு, பேசவிடாமப் பாத்துக்கோ. நாங்க உள்ள ஜெபத்துல அவன் பேரச் சொல்றோம்."

மர்டினா அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் கொடுமை எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. உள்ளே பாட்டு நின்றது. அலிஸ்டர் கதவை விரலளவு திறந்து, சத்தம் வராமல் நுழைந்து, சத்தம் வராமல் மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது கேரத் கட்டிலருகே முழங்காலிட்டிருந்தான்.

"என்ன சொன்னாரு?"

"அரை மணி நேரம் மூச்சு விடாம இருக்கச் சொன்னாரு."

டோர்மோடின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சிரிக்காதடா பாவி" என்று அவன் நெஞ்சில் கை வைத்து அழுத்தினாள். உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்புகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. கை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தாள்.

கட்டுப்பாட்டுப் பெட்டி சமையலறைச் சுவரில் இருந்தது. அதன் கதவில், 'ஓய்வுநாளில் தொடாதே' என்று அவள் கையெழுத்திலேயே ஒரு காகிதம். அலிஸ்டர் சொல்லச் சொல்ல எழுதியது. காகிதத்தைக் கிழிக்கவில்லை. கதவைத் திறந்து, சிவப்புப் பிடியை வலப்பக்கம் திருப்பினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரித் திரையில் ஒன்பது எட்டானது, ஏழானது. ஆறு. ஐந்துக்குக் கீழே போனால் காற்றாலையை இனி எழுப்ப முடியாது. கேரத் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அசையுது" என்றான். "மர்டினா, அசையுது."

இறக்கைகள் தயங்கித் தயங்கிச் சுற்றத் தொடங்கின. பன்னிரண்டேகாலுக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தது. வீட்டிலிருந்து வேனில் கொண்டுவந்திருந்த மூச்சுப் பெட்டியின் வயரைச் சுவரில் செருகினாள். அது உறுமியது. டோர்மோட் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தான்.

ஆலயத்துக்குப் போகும் கம்பியை அவள் துண்டிக்கவில்லை. அந்த நினைப்பே வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஆலயத்தின் உயரமான சன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாயின. யாராவது எழுந்து அணைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் எழவில்லை. பிரசங்கம் அன்று பத்து நிமிடம் கூடுதலாகவே போனது.

ஒன்று நாற்பதுக்கு அலிஸ்டர் வந்தார். கோட்டுப் பொத்தான்கள் அவிழ்ந்திருந்தன. சூட்டில் உட்கார்ந்து எழுந்த முகம் சிவந்திருந்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அவர் தோள் சற்றுத் தளர்ந்ததை மர்டினா கவனித்தாள். பிறகு சமையலறைக்கு வந்தார்.

"நிறுத்து."

"முடியாதுங்க."

"சொல்றதக் கேளு. மூப்பர்கள் பின்னாலயே வர்றாங்க. அவங்க வர்றதுக்குள்ள நின்னுருந்தா உனக்காக நான் ஒரு வார்த்தை பேசலாம். இல்லேன்னா ஆலயத்துல உனக்குத் திருவிருந்து கிடையாது. கூடத்து வேலையும் போயிரும். செத்தா உன் சவப்பெட்டியத் தூக்கக்கூட ஆள் வராது."

அது வெறும் மிரட்டல் அல்ல என்று அவளுக்குத் தெரியும். மேலத்தெரு கொல்லன் பெட்டியை அவன் மகன்கள் இருவரும் மட்டுமே தூக்கிப் போனதை இந்த ஊர் சன்னலுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறது.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவை அவள் அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"இந்தாங்க. சிவப்புப் பிடி. இடப்பக்கம் திருப்பினா நின்னுரும். என் கையால மாட்டேன். நீங்க திருப்புங்க."

அலிஸ்டர் கையுறையைக் கழற்றினார். கையை நீட்டினார். பிடிக்கு ஒரு சாண் முன்னால் அந்தக் கை நின்றுவிட்டது.

"என்னங்க?" என்றாள் மர்டினா. பிறகுதான் அவளுக்கே புரிந்தது. "ஓ. அதுவும் வேலைதானே?"

கட்டிலிலிருந்து டோர்மோடின் குரல் வந்தது. "அண்ணே... நீ நிறுத்தினா... அது அவசியமா... இரக்கமா? எதுல சேர்ப்பாங்க?"

அலிஸ்டரின் கை கீழே இறங்கியது. "ராத்திரி பன்னெண்டு அடிக்கட்டும்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஓய்வுநாள் முடிஞ்ச நிமிஷம் நானே வந்து நிறுத்துறேன்."

"பன்னெண்டுக்கு மேல அது ஓடலாமேங்க."

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஐந்து மூப்பர்களும் வேதாகமத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார்கள், அலிஸ்டரின் வெறுங்கையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கிட்டே போகவில்லை. முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மர்டினாவைப் பற்றிப் பேசுவதற்கு ஜெபத்தோடு தொடங்கலாம் என்றார். நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு, கையை வெப்பப் பெட்டியில் காட்டிக்கொண்டு, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கடைசியாக வந்தவர் எழுந்து போய், சூடு வெளியே போய்விடாமல் கதவை இறுகச் சாத்திவிட்டு வந்தார்.