நூற்றெண்பது குதிரையும் ஒரு நாயனமும்

என் இளைய மகள் கீதாவின் கல்யாணத்தை நிச்சயம் செய்தபோது, மாப்பிள்ளையின் அத்தை சந்திரிகா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும்.

"எங்க நாவலூர்ல வேன்ல வந்து எறங்கின மாப்பிள்ளையே கெடையாது. இதுல கொறை வச்சீங்க, உங்க பொண்ணு அறுபதாங் கல்யாணம் வரைக்கும் அதக் கேட்டுகினே இருக்கணும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் நம்பவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தொண்ணூற்றாறாம் வருஷம் ஒருநாள் ரசத்தில் உப்புப் போட மறந்தாராம். அந்த ரசம் நிச்சயதார்த்தத்தன்று கூட சந்திரிகாவின் பேச்சில் வந்தது.

திறந்த கார் என் மைத்துனன் மோகன்ராஜிடம் இருந்தது. பொழிச்சலூரில் அவன் வீட்டுக்குப் பின்னால், அறுபத்துநாலாம் வருஷத்து வண்டி. அதில் பதினோரு கோழிகள் குடியிருந்தன. காலி செய்யப் போனபோது சேவல் ஸ்டீயரிங்கில் ஏறி நின்று எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தது. நான் கூட்டிச் சொல்கிற ஆளில்லை.

"எட்டே மாசம் மாமா, புதுசாக்கிடறேன்" என்றான் மோகன்ராஜ்.

சொன்னபடி செய்தான். அதுதான் தொல்லை. பெயின்ட் அடித்து, சீட் தைத்து, அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு நூற்றெண்பது குதிரைத்திறன் என்ஜின் வைத்தான். ரேஸ் வண்டியின் கிளட்ச் வைத்தான். புது பிரேக், ஒரு விரலால் திருப்புகிற ஸ்டீயரிங். வெளிவட்டச் சாலையில் என்னை உட்காரவைத்து நூற்றுநாற்பதில் ஓட்டிக் காட்டினான். நான் வண்டலூரில் இறங்கினேன். என் பல்செட் மீஞ்சூரில் இறங்கியது.

"மச்சான், இத நாயனத்துக்குப் பின்னால ஓட்டிப் பாத்தியா?" என்று கேட்டேன், பல் கிடைத்த பிறகு.

"நூத்திநாப்பதுல போற வண்டிக்கு நாலுல போவத் தெரியாதா மாமா?"

தெரியவில்லை.

அழைப்பு அன்று மாலை ஆறு மணி. பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. பின் சீட்டில் மாலையும் கோட்டுமாக மாப்பிள்ளை சூர்யா. பக்கத்தில், யாரும் கூப்பிடாமலே ஏறிக்கொண்ட சந்திரிகா. டிக்கியின் மேல் ஆளுயரப் பூ வளைவு. முன்னால் நாதஸ்வரக்காரர் ஜெயக்கொடியும் அவர் கோஷ்டியும். அவர் ஊத, மோகன்ராஜ் கிளட்சை விட்டான்.

அந்தக் கிளட்ச் ஒன்று பிடிக்காது, இல்லாவிட்டால் பாயும். பாய்ந்தது. ஜெயக்கொடி பக்கத்து வீட்டு மதில்மேல் இருந்தார். வாசிப்பை நிறுத்தவில்லை, சுருதி மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டாம் தடவை வண்டி உதறிக்கொண்டு அணைந்தது. சூர்யா முன் சீட்டுக்கு வந்துவிட்டார். மாலை பின் சீட்டிலேயே இருந்தது.

"இன்னா சார் இது, முதுவுல மூச்சு வுட்டுகினே கீது! இதுக்கு முன்னால நடக்க எனக்கு இன்னோர் உசுரு வோணும்" என்றார் ஜெயக்கொடி, மதில்மேலிருந்து.

"வண்டிக்கு இன்னா, குளிர் ஜொரமா?" என்றார் சந்திரிகா. இப்போதும் சிரித்தார்.

கீதாவின் அறுபதாம் கல்யாணம் என் கண்முன் வந்து போனது. மோகன்ராஜின் காதருகே குனிந்தேன். "ஆஃப் பண்ணு."

"மாமா?"

"சாவியக் குடு. நியூட்ரல்ல போட்டுட்டு, ஓட்டுற மாதிரி உக்காரு."

சாவியை மடியில் செருகிக்கொண்டு, என் பங்காளிகள் மூன்று பேரோடு பூ வளைவுக்குப் பின்னால் போனேன். நூற்றெண்பது குதிரைகளை நான்கு கிழவர்கள் தள்ளினோம். நாயனத்தின் நடை அச்சுப் பிசகாமல் வந்தது. மறுபடி பின் சீட்டுக்குப் போய் மாலை போட்டுக்கொண்ட சூர்யா ஒரு தடவை பூவிடுக்கில் திரும்பிப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், உடனே முன்னால் திரும்பி ஊருக்குக் கைகூப்பினார். நல்ல பிள்ளை.

"இப்பத்தான் நல்லாப் போவுது. சத்தமே இல்ல" என்றார் சந்திரிகா.

மண்டபத்துக்கு முன்னால் ஒரு சரிவு இருப்பதை நான் மறந்திருந்தேன். வண்டி எங்கள் கையை விட்டுப் போனது.

"பிரேக்கப் புடிடா!"

"என்ஜின் ஓடினாத்தான் மாமா இந்த பிரேக்கு சரியாப் புடிக்கும்! சாவி! சாவி!"

சாவி என் மடியில். நான் வண்டிக்கு முப்பதடி பின்னால், வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். கோஷ்டி முன்னால் ஓடியது. அரை மணி நேர ராகத்தை ஜெயக்கொடி ஒன்பது விநாடியில் முடித்தார். வண்டி மண்டபத்துக்குள் நுழைந்து, வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழைமரங்களையும் இழுத்துக்கொண்டு, ஆரத்தித் தட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மாடி ஜன்னலிலிருந்து கீதா, "அப்பா, நீங்க ஏம்ப்பா ஓடி வர்றீங்க?" என்றாள்.

சந்திரிகா இறங்கினார். தலையிலிருந்த வாழையிலையை எடுத்தார். நான் மூச்சு வாங்க நின்றேன்.

"எத்தினியோ அழைப்பு பாத்துட்டேன் சம்பந்தி. பூ மாதிரி வந்து, கடைசில பறந்து நின்னுது பாருங்க, அதுக்கே குடுக்கலாம் ஒரு மெடலு. அடுத்த மாசம் பொத்தேரில என் பையன் கல்யாணம். இதே வண்டி, இதே மாதிரி சத்தமில்லாம வரணும். இதுல கொறை வச்சீங்க..."

சிரித்தார்.

"கிளட்ச மாத்திடறேன் மாமா, எட்டே மாசம்" என்றான் மோகன்ராஜ். கையை வைத்தால் உடைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று பொத்தேரிக்குப் போய்க் கோயிலிலிருந்து மண்டபம் வரை நடந்து பார்த்தேன். சரிவு என்ற பேச்சே இல்லை. முழுக்க மேடு.