பேசிக்கொண்டே நடந்த மான்குட்டி

எழுபத்தாறு வயதாகியும் ஊர் அவரை மான்குட்டி என்றுதான் கூப்பிட்டது. தடை தாண்டும் ஓட்டத்தில் அவர் எகிறியபோது மைதானத்துக் காக்கைகள் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் உயரத்தில் பறந்தன என்பார். மறுத்துப் பேச ஆளில்லை. கூட ஓடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது அவர் தாண்ட வேண்டிய தடை ஒன்றே ஒன்று: மகள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறார். படியில் இரண்டு தடவை விழுந்து, இரண்டு தடவையும் "படிதான் நகர்ந்துடுச்சு" என்றார். மகள் நம்பவில்லை. மனித நடையை அளக்கும் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்து வந்துவிட்டாள். அங்கே 'இனி விழமாட்டார்' என்றால் வீடு அவருக்கு. 'விழுவார்' என்றால் மகள் வீட்டுப் பின்னறை. அதன் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும்.

ஆய்வுக்கூடத்துப் பெண் அவரை அரைக்கால் சட்டையில் நிறுத்தி, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டினாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு ஜிகினா ஒட்டல டாக்டரம்மா."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மகள்.

மான்குட்டி நடந்தார். அடடா, அது நடையா! ஒரு மாதமாக வீட்டுக் கூடத்தில் பழகிப் பழகித் தரையையே கண்ணாடியாக்கியிருந்த நடை. சுற்றியிருந்த கேமராக்கள் கைதட்டாததுதான் பாக்கி. திரையில் அவர் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தார். புள்ளிகள்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயின.

"பிரமாதம் சார்."

மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இன்னொரு தடவை நடங்க. இப்ப என்கூட பேசிக்கிட்டே. ஒட்டும்போது ஆரம்பிச்சீங்களே, அந்தக் காக்கா கதையச் சொல்லுங்க."

கேட்கவா வேண்டும்! "அன்னிக்கு என்னாச்சுன்னா..." என்று கிளம்பினார். காக்கைகள் கழுகுகளாயின, கழுகுகள் விமானத்தை மறித்தன. ஆய்வுக்கூடத்துப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். கதையை முடித்துப் பெருமையாகச் சுற்றிப் பார்த்தவர், தான் அறையின் நடுவே அசையாமல் நின்றுகொண்டிருப்பதைக் கண்டார்.

"ஏன் சார் நின்னுட்டீங்க?"

"நானா? எப்ப?"

மறுபடி நடக்கச் சொன்னாள். வாயைத் திறந்தார், கால் நின்றது. வாயை மூடினார், கால் நகர்ந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல.

அவள் சிரிப்பை விட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்: "முன்னாடி கால் தன்பாட்டுக்கு நடந்துச்சு. இப்ப ஒவ்வொரு அடிக்கும் உங்க கவனம் வேணும் சார். பேச்சு அதைப் பிடுங்கிக்குது. இங்க நின்னுட்டீங்க, சரி. படியில அப்படி நிக்க முடியாதே. திரும்பவும் விழுவீங்க."

"மருந்து எதாவது?"

"பயிற்சி தரலாம். கொஞ்சம் தள்ளிப்போடும். அவ்வளவுதான்."

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ரெண்டு தடவையும் என்கூட போன்ல பேசிக்கிட்டுதான் இறங்குனீங்க."

"அதுக்கென்ன கண்ணு, இனிமே படியில வாயத் திறக்கல. சத்தியம்!"

ஆய்வுக்கூடத்துப் பெண் குனிந்தாள். உருண்டைகளைப் பிய்த்தபோது ஒவ்வொன்றோடும் நாலு நரைமுடி வந்தது.

வெளியே நீளமான தாழ்வாரம். உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தார். நல்ல நடை. சுவரில் யாரோ வரைந்திருந்த எலும்புக்கூட்டைப் பார்த்ததும் அருமையான நக்கல் ஒன்று தொண்டைவரை வந்தது, விழுங்கினார். கதவு கிட்டத்தில் வந்துவிட்டது.

"அப்பா," என்றாள் பின்னால் வந்த மகள். "வீட்டுச் சாவி எங்க?"

"சட்டைப் பையில," என்றார்.

நின்றுகொண்டுதான் சொன்னார்.