கைப்பிடி மட்டும்

போட்டிக்காக வந்திறங்கிய வெளிநாட்டு விமான நிலையத்தின் பின்பக்கம் இருந்த அந்த அறையில் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் இருந்தன. கண்ணாடிக்காரி உட்காரவே இல்லை. சுவருக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. துப்பாக்கி கிளப்பில் வைத்த பேர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

கூட வந்திருந்தவள் கணவனின் தங்கை சிட்டு. இரண்டு பேருக்கும் ஒரே கிளப், ஒரே போட்டி, ஒரே கம்பெனித் துப்பாக்கி. சிட்டுவின் பெட்டியைப் பத்து நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிக்காரியுடையதுதான் இன்னும் மேசைமேல் திறந்து கிடந்தது.

துப்பாக்கியோடு பயணம் போவது கைக்குழந்தையோடு போவதைவிடக் கஷ்டம் என்பாள் கண்ணாடிக்காரி. குழந்தை அழுதால் பரிதாபப்படவாவது நாலு பேர் இருப்பார்கள். இங்கே இரண்டு பூட்டு, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, கட்டுக்கட்டாகக் காகிதம். போகிற இடமெல்லாம் 'எதுக்கு?' என்ற ஒரே கேள்வி.

சுங்க அதிகாரி துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணை இன்னொரு முறை வாசித்தார்.

"இதுல கடைசி எண் ஏழு. அனுமதிக் கடிதத்துல ஒண்ணு. இது வேற துப்பாக்கிம்மா."

"இல்ல சார், இதேதான். அச்சடிச்சவங்க தப்பு."

"இருக்கலாம். உங்க ஊர்லேர்ந்து திருத்தின கடிதம் வரட்டும். அதுவரைக்கும் இது இங்கேதான் இருக்கும்."

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை போட்டி. கண்ணாடிக்காரி கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அந்த லைசென்ஸ் ஆபீஸ் கிளார்க்கம்மா நம்பரைத் தப்பா அடிச்சு என் தலையில கல்லைப் போட்டுட்டாங்க. மூடுறதுக்குள்ள ஓடுங்க. நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டு வாங்க!"

நாற்பது நிமிடம் கழித்து அவன் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

"ஆபீஸைப் பூட்டிட்டாங்க. நல்லவேளை, அந்தம்மாவை வாசல்லயே பிடிச்சுட்டேன். பாவம், திரும்பப் பூட்டைத் திறந்து ஃபைலை எடுத்துக் காட்டினாங்க."

"ஒத்துக்கிட்டாங்களா?"

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"என்னங்க?"

"விண்ணப்பம் உன் கையெழுத்துல இருக்கு. ஏழுக்குப் பதிலா ஒண்ணுன்னு நீயேதான் எழுதியிருக்கே. திருத்தித் தர அதிகாரி கையெழுத்து வேணுமாம். அவர் திங்கட்கிழமைதான் வருவாராம்."

அவளுக்குக் காதுமடல் வரை சூடேறியது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குப் புள்ளி பிசகாமல் எண் பார்க்கிறவள். "அந்தம்மா பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க," என்றாள். கிளார்க்கம்மாவிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. 'பரவாயில்லம்மா, ஜெயிச்சுட்டு வாங்க' என்று அந்தக் குரல் சொன்னது மட்டும் நினைவிருந்தது. திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"அண்ணி, என் துப்பாக்கியில சுடுங்க," என்றாள் சிட்டு. "நான் முதல் பேட்ச், நீங்க ரெண்டாவது. போட்டி நடத்துறவங்களைக் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க."

"உன் கைப்பிடி எனக்கு எப்படிடீ பொருந்தும்? உன் கை கோழிக்குஞ்சு மாதிரி."

அவளுடைய கைப்பிடி, அவள் உள்ளங்கைக்கென்றே செதுக்கிய மரம். இரண்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் ராவி, குறைந்த இடத்தில் மர மாவு அப்பி, மறுபடி ராவியது. அதை நினைக்கும்போதே அவள் நடை நின்றது.

"சார், கைப்பிடியை மட்டும் தருவீங்களா?"

அதிகாரி நிமிர்ந்தார்.

"வெறும் மரக்கட்டை சார். ஒரே ஸ்க்ரூ. கழட்டினா வந்துடும்."

அவர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். துப்பாக்கியின் பாகங்கள் என்று எவை எவை உண்டோ அத்தனையையும் விரல் வைத்து வாசித்தார். கைப்பிடி அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, 'மரக்கட்டை ஒன்று' என்று ரசீது எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் சிட்டு அறுநூறுக்கு ஐந்நூற்று எண்பத்தொன்று சுட்டுவிட்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் குனிந்து ஸ்க்ரூவைக் கழற்றினார்கள், கைப்பிடி மாறியது. நடுவர் மறுபடி எடைபோட்டுப் பார்த்து அனுப்பினார்.

சுடும் வரிசையில் போய் நின்ற பிறகுதான் கண்ணாடிக்காரிக்கு அந்த நினைப்பு வந்தது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சுட வேண்டும். சிட்டு உள்ளே வந்துவிடுவாள். நானும் வந்துவிட்டால்?

கையை உயர்த்தினாள், இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள். பக்கத்துப் பெண் மூன்று குண்டு சுட்டு முடித்திருந்தாள். 'வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள். அதற்குப் பிறகு ஒரு குண்டைக்கூட அவள் வேண்டுமென்று வீணாக்கவில்லை.

ஐந்நூற்று எழுபத்தொன்பது. சிட்டு ஆறாவது, அவள் ஏழாவது.

உபரித் துப்பாக்கி தேடி அணி அணியாக அலைந்தாள். ஆளுக்கு ஒன்றுக்குமேல் கொண்டுவர இந்த நாட்டில் அனுமதி கிடையாது. இறுதிச் சுற்றுக்கு வராதவர்கள் பாதிப் பேர் பெட்டியை முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டிருந்தார்கள்; மீதிப் பேரின் அணித் தலைவர்கள் தலையை ஆட்டிவிட்டார்கள். இறுதிச் சுற்றுக்கு இருபது நிமிடம் இருந்தது.

"சீட்டுப் போட்டுப் பார்ப்போமா அண்ணி?" என்றாள் சிட்டு. குரல் மெலிந்திருந்தது. மனதாரத்தான் கேட்டாள்.

'சரி' என்று சொல்லத்தான் கண்ணாடிக்காரி வாயெடுத்தாள். அந்த ஒரு நொடிக்கு அவள் அண்ணியும் இல்லை, யாரும் இல்லை. பிறகு ஸ்க்ரூவைக் கழற்றித் தன் கைப்பிடியை எடுத்துக்கொண்டாள்.

"துப்பாக்கி உன்னுது, தப்பு என்னுது. இதுல சீட்டு எதுக்கு? போ, கை குளிர்ந்துடும்."

விலகல் படிவத்தில் எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒன்பதாவதாக வந்திருந்த நெட்டைப் பெண் பையை மூடிக்கொண்டிருந்தாள். பேரைக் கூப்பிட்டதும் நம்ப முடியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு காலணி நாடாவைக் கட்டாமலே ஓடினாள்.

இறுதிச் சுற்று முழுக்கக் கண்ணாடிக்காரி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றே பார்த்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் அவள் ஆள்காட்டி விரலும் மடங்கியது. நெட்டைப் பெண் முதலிலேயே வெளியேறினாள். சிட்டு நான்காவதாக முடித்தாள். ஒரே ஒரு குண்டில் பதக்கம் நழுவியது.

சிட்டு வந்தவள் அழவில்லை, கோபப்பட்டாள். "நீங்க சுட்டிருந்தா வாங்கியிருப்பீங்க. எனக்குத் தெரியும்."

"நானாயிருந்தா அந்த நெட்டைக்கு முன்னாடியே வெளியே வந்திருப்பேன்."

"பொய்."

"ஆமா, பொய்தான்," என்றாள் கண்ணாடிக்காரி. "வாங்கியிருப்பேன்னுதான் எனக்கும் தோணுது. ராத்திரி சாப்பாடு வரைக்கும் என்னைத் தனியா விடு. அப்புறம் சரியாயிடுவேன்."

சிட்டு தலையாட்டினாள். கண்ணாடிக்காரி வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி வேகவேகமாக நடக்க ஆரம்பித்தாள்.