உயிரோடிருப்பவளின் பேய்

கோடாங்கி செல்லசாமிக்கு வாரத்தில் ஆறு நாள் தேயிலை ஃபெக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. பேய் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வெள்ளிக்கிழமையே ஆட ஆரம்பித்துவிட்ட பேயாக இருந்தாலும், "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பிவிடுவார். பேய்களும் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உடுக்கையோடு போனது தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்து இராமையா வீட்டுக்கு. இராமையாவின் இளைய மகள் பூரணிக்குப் பதின்மூன்று வயது. நாலு மாதமாகப் பிள்ளை சரியில்லை. அப்பன் குடிக்கிற தேத்தண்ணியில் உப்பைப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையின் தோளைக் கடித்தாள். மலையூற்று விழுகிற பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அடுத்த வீட்டு ராக்காயியின் குடத்தைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, அது போய்ச் சேரும்வரை நின்று வேடிக்கை பார்த்தாள். சோறு மட்டும் இறங்குவதில்லை.

தோட்டத்து மருந்துக்காரர் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தார். பூச்சி போயிற்று, கடிக்கிற பழக்கம் போகவில்லை. வாத்தியார் கொழுப்பு என்றார். லயம் முழுக்கப் பேய் என்றது. மருந்துக்காரர் ஒரு ஆள், வாத்தியார் ஒரு ஆள், லயத்தில் நூறு பேர். ஆகவே பேய் என்றே முடிவாயிற்று.

இன்றைக்குத் தீராவிட்டால் விடிந்ததும் பூரணியை வலப்பனையில் இருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று இராமையா சொல்லிவிட்டார். அந்த அக்கா வாயைத் திறந்தால் மனுசன் என்ன, பேயே தங்காது.

வாசலில் பூரணியின் தாய் மீனம்மா செல்லசாமியை மறித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எப்படியாச்சும் பாத்து விடுங்கண்ணே. இவளும் போயிட்டா இந்தக் காம்பராவுல நானும் அடுப்புந்தான்."

"பயப்படாத தாயி. நம்மகிட்ட மசியாத பேயா?"

பூரணியைத் தலைவிரிகோலமாக உட்கார வைத்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு சனம். செல்லசாமி உடுக்கையை அடித்துக்கொண்டே, துணிக்கடைக்காரன் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிற மாதிரி தன் கைவசமிருந்த பேய்களை எடுத்துப் போட்டார்.

"யாரு நீ? சவுக்கு மரத்துல தொங்குனவனா?"

'இல்லை' என்று பூரணியின் தலை ஆடியது.

"ஆத்தோட போனவளா?"

இல்லை.

"மண்ணு சரிஞ்சு செத்துப்போன பழைய கங்காணியா?"

"அந்தக் கெழவனா? சீ!" என்றது பேய். வாசலில் யாரோ கெக்கலித்தார்கள்.

"அப்ப யாரு? பேரச் சொல்லு!"

"நாகலெட்சுமி."

உடுக்கை நின்றுவிட்டது. இராமையா துள்ளி எழுந்தார். "ஏய்! எந்தப் பேர எடுக்கற?"

நாகலெட்சுமி இராமையாவின் மூத்த மகள். நாலு மாதத்துக்கு முன்னால், உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லொறியில் வேலை செய்யும் அழகுமுத்து என்ற வேறு சாதிப் பையனோடு போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி வந்த அன்றைக்கே இராமையா பீலிக்குப் போய், செத்தவளுக்கு முழுகுகிற மாதிரி தலை முழுகினார். அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது. அவள் உயிரோடு, சௌக்கியமாக, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

இருபது வருடத் தொழிலில் செல்லசாமி இப்படியொரு சரக்கைப் பார்த்ததில்லை.

"இந்தா புள்ள, உசுரோட இருக்கறவ பேயா வர முடியாது. அதுக்கு வழியே கெடையாது."

"உசுரோடயா? யாரு சொன்னா? அப்பா தலை முழுகறப்ப நீங்கதானே துண்டோட நின்னீங்க? 'இன்னையோட அவ செத்தா'ன்னு மூணு தரம் சொன்னதும் நீங்கதானே? செத்தவ பேயா வராம வேற என்னாவா வருவா?"

"ஞாயந்தானே!" என்றாள் வாசலிலிருந்து ராக்காயி. குடம் போன கோபத்தைக்கூட அவள் மறந்துவிட்டாள்.

செல்லசாமி உடுக்கையைக் கீழே வைத்தார். "சரி, என்னா வேணும் ஒனக்கு? கறுப்புச் சேவலா?"

"அது நீங்க திங்கறதுக்கு."

"புதுச்சேல எடுத்து வச்சிர்றேன்," என்றார் இராமையா, பேயின் முகத்தைப் பார்க்காமல். "போகச் சொல்லுங்க."

"எடுத்து வச்சா? யாரு கட்டறது? எனக்கு அம்மா கையால சோறு வேணும்."

சொல்லி முடிக்குமுன் மீனம்மா சோற்றைப் போட்டுக் கருவாட்டுக் குழம்பையும் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பேய் தொடவில்லை.

"இது பூரணி வாயி. இந்த வாயால தின்னா பூரணி வயிறுதான் ரொம்பும். என் வாயக் கூட்டியாங்க."

"நடக்காது!" இராமையா தரையை உதைத்தார். "செத்தவ செத்தவதான்!"

"செத்தவ பேருக்கு வர்ற கூப்பன் அரிசிய நாலு மாசமா யாரு திங்கறா?"

வாசலே சிரித்தது. இராமையா மீனம்மாவைப் பார்த்தார். மீனம்மா கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

செல்லசாமி சிரிக்கவில்லை. பேயை அடக்குகிற பாவனையில் அவர் பூரணியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கை ஐஸாகக் கிடந்தது. நாடி பயந்த கோழிக்குஞ்சின் நெஞ்சு மாதிரி அடித்தது. அக்காளும், பள்ளிக்கூடம் போகுமுன் அவளோடு ஒட்டிக்கொண்டு வரும் தங்கையும், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் கூட்டத்தில் ஒரே கம்பளியை இரண்டு தலைக்கும் போட்டுக்கொண்டு நிற்பதை அவர் எத்தனையோ காலையில் பார்த்திருக்கிறார். தலை முழுகிய அன்றைக்கும் இந்தப் பிள்ளை குடத்தோடு பீலிப் படியில்தான் நின்றது. இழவு வீடென்றால் அழச் சொல்வார்கள். கல்யாண வீடென்றால் சிரிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு இவளைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும்தான் சொல்லவில்லை, துண்டு நனையாமல் பார்த்துக்கொள்வதிலேயே இருந்துவிட்டார்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இராமையா, கேட்டுக்க. செத்த பேய்க்குச் சேவல் கொடுத்தாப் போதும். உசுரோட இருக்கறவ பேய்க்கு, ஆளு நேர்ல வந்து ஒக்காந்து திங்கணும். இல்லாட்டி இது வலப்பனைக்கும் பின்னாடியே போகும். ஒங்கக்கா தேத்தண்ணிலயும் உப்புப் போடும்."

"இது எந்த முறையில இருக்கு?"

"எங்கப்பன் சொல்லியிருக்காரு," என்றார் செல்லசாமி. அவருடைய அப்பன் ஆயுளில் பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, மாட்டுத் தரகர்.

அக்காளின் தேத்தண்ணியில் உப்பு விழுந்தால் அவள் என்னென்ன பேசுவாள் என்று இராமையா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இறங்கி வந்தார். "சரி, வர்ற தைப்பொங்கலுக்குப் பாப்போம்."

"இன்னைக்கு," என்றது பேய்.

"மாசக் கடைசியில."

"இன்னைக்கு."

"வர்ற ஞாயிறு! அதுக்கு மேல என்னால எறங்க முடியாது!"

"ரெண்டு மணிக்கு உடப்புசல்லாவை பஸ்ஸு இருக்கு," என்றார் செல்லசாமி, நடுவில் நிற்கிற தரகுக்காரனைப் போல. "ராத்திரி அங்க தங்கிட்டு விடியக் கூட்டியாந்திரலாம்."

"அந்தப் பயலும் வருவானே!"

"அவன் வேணாம்னு பேய் சொல்லலியே."

இராமையா உள்ளே போனார். கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் சனத்தை விலக்கி, வாசலைத் தாண்டிப் பத்தடி நடந்தவர் அப்படியே நின்றார்.

"நாகலெட்சுமி எந்த லயத்துல இருக்கு?"

நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. மீனம்மாவுக்குத் தெரியவில்லை, கேட்கக்கூட அவளுக்கு அனுமதி இருந்ததில்லை.

"மூணாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா," என்றாள் பூரணி. சொந்தக் குரலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. இராமையா தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

செல்லசாமி அவளருகில் குனிந்தார். "ஏம்புள்ள, என்கிட்ட மட்டும் சொல்லு. நடிச்சியா?"

அவள் யோசித்தாள். "மொதல்ல நாந்தான் பேசுனேன். கூப்பன் அரிசின்னு கேட்டப்பவும் நாந்தான். நடுவுல யாரு பேசுனான்னு எனக்குத் தெரியல, கோடாங்கியாரே."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். பிறகு வாயைத் திறந்து, லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்க, ஓவென்று அழுதாள். மீனம்மா பதறி வாயைப் பொத்தப் போனாள்.

"விடு தாயி," என்றார் செல்லசாமி. "அழட்டும்."

முதலில் ராக்காயிதான் உள்ளே வந்து பூரணியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மீனம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து வட்டமாக, தோளோடு தோள் சேர்த்து, இழவு வீட்டு முறைப்படி குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள். நாளைக்கு அந்தப் பெண் புருஷனோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து நின்றுவிடுவாள். அப்புறம் எப்படி அழுவது? நாலு மாத அழுகையை இன்றைக்குள் முடித்தாக வேண்டும்.